ஆனி முப்பத்திரண்டு

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் தேன்மொழி நான்கு வீடுகளில் தோற்றுப்போயிருந்தாள்.

ஐந்தாவது வீட்டுக்குப் போகும் வழியில், முருகன்குறிச்சி முக்கில் மொபெட்டை நிறுத்தி, புரோக்கர் மாடக்கண்ணு இரண்டு நன்னாரி சர்பத் சொன்னார். ஹெல்மெட்டுக்குள் செருகியிருந்த போனை உருவி நேரம் பார்த்தார்.

“தாயி, இன்னைக்கு ஆனி முப்பத்தொண்ணு” என்றார், ஏதோ அது அவள் செய்த குற்றம் மாதிரி.

“தெரியும் அண்ணாச்சி.”

“நாளைக்கு ஒரு நாள்தான் கெடக்கு. அதுக்கு அடுத்த நாள் ஆடி பொறந்துட்டுன்னா ஊர்ல ஒருத்தன் வீடு குடுக்க மாட்டான், ஒருத்தன் பால் காய்ச்ச மாட்டான். நானே ஒரு மாசம் வீட்டுல கால நீட்டிப் படுத்திருவேன்.”

மாடக்கண்ணுவுக்கு ஆடி என்றால் ஓய்வு. தேன்மொழிக்கு வேலையே போகிற சங்கதி.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. நாகர்கோவிலில் படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை. வியாழக்கிழமை சேர வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக அந்தக் கூடம் விடிகாலை ஐந்தரைக்கே திறந்துவிடும். அம்மா இருக்கும் விக்கிரமசிங்கபுரத்தில் முதல் பஸ்ஸில் ஏறினால்கூட ஆறரைக்குத்தான் வந்து இறங்கலாம். லேடீஸ் ஹாஸ்டல்காரர்களோ ஆறு மணிக்கு முன்னால் கேட்டைத் திறக்க மாட்டோம் என்றார்கள். ‘நடந்து வர்ற தூரத்துல வீடு பாத்து அட்ரஸ் குடும்மா, இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிடணும்’ என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அம்மா முத்துராணி தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஆடியில் வேலையில் சேரலாம், வேலைக்கு மாசம் கிடையாது. ஆனால் புது வீட்டுக்குள் ஆடியில் காலெடுத்து வைக்கக் கூடாது. ஆனிக்குள் பால் காய்ச்சியாக வேண்டும்.

ஆக, கையில் ஒன்றரை நாள்.

“நீ கொஞ்சம் கூடுதலாப் பேசணும் தாயி” என்றார் மாடக்கண்ணு, ஐஸை உறிஞ்சிக்கொண்டே. “வீட்டுக்காரங்களுக்குப் பயம் வந்துருதுல்லா.”

“கேக்கது எல்லாத்துக்கும் பதில் சொல்லுதேனே அண்ணாச்சி.”

“கேக்கதுக்குச் சொல்லுத. அவங்க கேக்காம கேக்கதுக்குச் சொல்ல மாட்டேங்க.”

அது தேன்மொழிக்குப் புரியாமல் இல்லை. காலையிலிருந்து நான்கு வீட்டிலும் ஒரே கேள்விதான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. எந்த ஊரு? மாஞ்சோலை. ஊர்ல எந்தத் தெரு? அது மலைமேல் தேயிலை எஸ்டேட், அங்கே தெருவே கிடையாது. லைன் வீடுகள்தான். பத்து வீட்டுக்கு ஒரே கூரை. யார் எந்த வீட்டில் குடியிருப்பது என்று முடிவு செய்தது எஸ்டேட் ஆபீஸ். பக்கத்து வீட்டில் யார், எதிர் வீட்டில் யார் என்று சொன்னாலும் கேட்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. தெருவைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிற ஊரில், தெருவே இல்லாத இடத்திலிருந்து வந்தவளை என்ன செய்வது? நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ‘மகன்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதோம்.’ அதில் ஒருவருக்கு மகனே இல்லை என்று வெளியே வந்ததும் மாடக்கண்ணு சொன்னார்.

ஐந்தாவது வீட்டுக்காரர் ஞானசம்பந்தன். ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பது வருஷம் நிலம் அளந்த மனுஷர், மனுஷர்களையும் அப்படித்தான் அளந்தார். நாலு எல்லையிலும் கல் ஊன்றாமல் விடமாட்டார். கீழே அவரும் மனைவி சித்ரலேகாவும். மேலே மாடி வீடு காலி. பரிசோதனைக் கூடத்துக்கு எட்டு நிமிஷ நடை.

“ஊரு?”

“மாஞ்சோலை சார். எஸ்டேட்ட மூடி எல்லாரும் எறங்கின பொறவு அம்மா வி.கே.புரத்துல இருக்காவ. அப்பாவுக்கு வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்ல வேலை. இங்க நானும் அம்மாவும்தான் இருப்போம்.”

“மாஞ்சோலைக்கு முந்தி?”

“தாத்தாவே மேலதான் சார்.”

“தாத்தாவுக்கு அப்பா?”

“அவரத் தெரியாது சார்.”

ஞானசம்பந்தன் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். “பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவிய?”

குலசாமியைக் கேட்டால் குலத்தைக் கேட்ட மாதிரிதான். இதற்குத் தப்பியவர் இந்த ஜில்லாவில் குறைவு.

“சொரிமுத்தையன் கோயிலுக்கு சார்.”

அவர் முகம் வாடிவிட்டது. “அங்கன ஊரு பூராதான வரும்.”

“ஆமா சார். நல்ல கூட்டமா இருக்கும்.”

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த சித்ரலேகா இருமினாள். சிரிப்பை விழுங்கிய இருமல் மாதிரி இருந்தது.

“எஸ்டேட்ல எந்த லைன்?” ஞானசம்பந்தன் கடைசிச் சங்கிலியை இழுத்தார்.

“மொதல்ல ஏழாம் நம்பர் லைன். கடைசி ஆறு வருஷம் கணக்கப்பிள்ளை குவார்ட்டர்ஸ். நாலாம் நம்பர்.”

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆட்கள் குறைந்துகொண்டே வந்த கடைசிக் காலத்தில் எஸ்டேட்டில் குடும்பங்களைவிடக் காலி வீடுகள் அதிகம். ஒரு காற்றுக்கு ஏழாம் நம்பர் லைனின் கூரைத் தகடு பறந்துபோன வாரம், காலியாகக் கிடந்த கணக்கப்பிள்ளை வீட்டுக்கு அவர்களை மாறிக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா அப்போதும் கொழுந்து பறிக்கத்தான் போனாள். அப்பா அப்போதும் செடிக்கு மருந்தடிக்கத்தான் போனார்.

ஆனால் ஞானசம்பந்தன் முகத்தில் விளக்குப் போட்டது போல் ஆகிவிட்டது.

“கணக்கப்பிள்ளை குவார்ட்டர்ஸா? மொதல்லயே சொல்லப்பிடாதா? எங்க அண்ணன் பரமசிவன் அங்கனதான கணக்கப்பிள்ளையா இருந்து ரிட்டயர் ஆனாவ. ஏ சித்ரா, நம்மாளுகதான். நான் ஒரு மணி நேரமா இந்தப் பிள்ளையப் போட்டுக் கொடைஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

தேன்மொழி வாயைத் திறந்தாள்.

“அதத்தான் அண்ணாச்சி நானும் சொல்ல வந்தேன்” என்று மாடக்கண்ணு முந்திக்கொண்டார். ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில், ஆனி முப்பத்தொண்ணு என்று எழுதியிருந்தது.

மறுத்துச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் மாடி வீட்டுச் சாவி அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

மேலே போய்ப் பார்த்தாள். இரண்டு அறை, ஒரு அடுப்படி, துணி காயப்போட ஒரு வெட்டவெளி. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே நின்று போட்டாள். திறந்தாள். திரும்பவும் போட்டாள். லைன் வீட்டில் உள்ளறைக்குக் கதவு என்று ஒன்று கிடையாது, பழைய சேலைதான் தொங்கும். குவார்ட்டர்ஸில் மூன்று பேருக்கும் படுக்கிற அறை ஒன்றுதான். கல்லூரி ஹாஸ்டலில் அறைக்கு ஐந்து பேர். தனக்கென்று ஒரு கதவைச் சாத்துவது இதுதான் முதல் தடவை. மேனேஜருக்குப் போன் பண்ணி முகவரியைச் சொன்னாள். ‘நல்லதும்மா, வியாழக்கிழமை வந்துரு’ என்றார்.

இறங்கி வரும்போது ஞானசம்பந்தன் வாசலில் நின்றிருந்தார்.

“நாளைக்கு ஏழரைக்கு எமகண்டம் வந்துரும். அதுக்குள்ள பால் பொங்கிரணும். அண்ணன் அம்பையில இருந்து எட்டு மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்காவ. உங்க அம்மாவப் பாத்தா அவகளுக்கும் சந்தோஷமா இருக்கும்லா.”

தேன்மொழி சாவியைப் பைக்குள் போட்டு, பையை மூடினாள்.

*

புதன்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர், பால் சட்டி, ஆறு டம்ளர், உப்பு, பருப்பு, மஞ்சள். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் தேன்மொழி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

முத்துராணி குனிந்து பால் சட்டியைச் சரியாக வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

“பரமசிவன் கணக்கப்பிள்ளையா? ஏட்டி, பதினெட்டு வருஷம் காலைல பெரட்டுல நிக்க வச்சு என் பேரக் கூப்பிட்ட மனுஷன்லா. பேரு கூப்பிட்டு ஆள் எண்ணித்தான மலைக்கு அனுப்புவாரு. அவரு என் மூஞ்சிய மறப்பாரா?”

“சிரிக்காதம்மா. அவரு வந்து நின்னதும் எல்லாம் தெரிஞ்சுபோவும்.”

“தெரியட்டும். எட்டு மணிக்குத்தான வாராரு? பால் ஏழரைக்கு முந்திப் பொங்கிரும். பொங்குனதுக்குப் பொறவு, ஆடிக்கு முந்தின நாளு, ஒரு வீட்டுல இருந்து ஆள வெளிய போன்னு சொல்ல எவனுக்கு மனசு வரும்? அவுகளுக்குல்லா ஆகாது.” முத்துராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீ பொய்யா சொன்ன? குவார்ட்டர்ஸ்ல இருந்தோமா இல்லியா?”

“இருந்தோம்.”

“பொறவு என்ன?”

தேன்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேரன்மகாதேவியில் பஸ் நின்றது. வாழைத்தார் ஏற்றினார்கள். சாலையோரம் கால்வாய்த் தண்ணீர் வயலுக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆறரைக்கு இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனபோது மாடிப்படியில் சித்ரலேகா கோலம் போட்டு வைத்திருந்தாள்.

ஏழு மணிக்கு அடுப்பு பற்றியது. கிழக்கு பார்த்து வைத்த சட்டியில் பால் பைய நுரைக்க ஆரம்பித்தது. சித்ரலேகா கூடவே நின்றாள். நல்ல பெண்மணி. குத்துவிளக்கைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். திரியைத் தூண்டிக்கொண்டே முத்துராணியிடம் கேட்டாள்:

“உங்க நாத்தனாரு யாரும் இங்கன டவுன்ல இருக்காவளா?”

“இல்லக்கா. ஒருத்திதான். அவ திருச்செந்தூர்ப் பக்கம்.”

“திருச்செந்தூர்ல எங்கன? எங்க சித்தப்பா மருமக்கமாரு அங்கன நெறையப் பேரு இருக்காவ.”

“கோயிலுக்கு வடக்க தள்ளி” என்று முத்துராணி பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தேன்மொழிக்கு அப்போதுதான் விளங்கியது. பொய்யா உண்மையா என்பதல்ல கணக்கு. இந்தப் படியில் ஏறும்போதெல்லாம், இறங்கும்போதெல்லாம் இப்படி ஒரு கேள்வி நிற்கும். தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போனால் நிற்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அம்மா வடக்கே தள்ளி, தெற்கே தள்ளி என்று ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். நேற்றுத் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்த கதவுக்குள், தினம் ஒரு பெரட்டு நடக்கும்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்தது. சித்ரலேகா குலவையிட்டாள். மணி ஏழு பதினெட்டு.

படியில் செருப்புச் சத்தம். ஞானசம்பந்தன் வெள்ளை வேட்டியில் ஏறிவந்தார். ஒரு கையில் சாவிக்கொத்து.

“பொங்கிட்டா? நல்லது. அண்ணன் முன்னாடி பஸ்ஸையே பிடிச்சுட்டாவளாம். சமாதானபுரத்துல எறங்கி ஆட்டோல வாராவ.”

முத்துராணி மகளைப் பார்த்தாள். பார்வையிலேயே, ‘பேசாம இரு’ என்றாள்.

தேன்மொழி பாலை டம்ளரில் ஊற்றி ஞானசம்பந்தன் கையில் கொடுத்தாள். அவர் வாங்கி, வாயருகே கொண்டுபோய் ஊதினார்.

“சார், குடிக்கதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிருதேன்.”

டம்ளர் நின்றது.

“எங்க அப்பா கணக்கப்பிள்ளை இல்ல சார். மருந்தடிக்க வேலை. அம்மா கொழுந்து பறிச்சாவ. லைன் கூரை பறந்துட்டுன்னு காலியாக் கெடந்த குவார்ட்டர்ஸ எங்களுக்குக் குடுத்தாங்க. நீங்க நெனச்ச ஆளுக நாங்க இல்ல. நேத்தே சொல்லியிருக்கணும். எனக்கு வீடு வேணும், அதான் வாய மூடிக்கிட்டேன்.”

அடுப்பை அணைத்த பிறகும் சட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஞானசம்பந்தன் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தார். காலி வீடு. மேஜை இல்லை, நாற்காலி இல்லை, சுவரில் ஒரு பலகைகூட இல்லை. இருந்த ஒரே மேடை அடுப்படி மேடை. அங்கே விளக்கு எரிகிறது, முன்னால் முத்துராணி நிற்கிறாள். பால் காய்ச்சிய வீட்டில் பால் டம்ளரைத் தரையில் வைப்பது யாரும் செய்கிற காரியமில்லை. சூடு விரலைச் சுட்டது. வேட்டி நுனியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“மாடக்கண்ணு, நம்மாளுகன்னுல்லா சொன்னான்” என்றார்.

“நீங்கதான் சொன்னிய” என்றாள் சித்ரலேகா. “அவன் ஆமான்னான். நான் கீரைய வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.”

“நீ சும்மா இருட்டி.”

அந்த நேரத்தில்தான் படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கைத்தடி முதலில் வந்தது. அப்புறம் பரமசிவன் வந்தார். எழுபத்தைந்து வயசு இருக்கும். நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். விளக்குக்கு முன்னால் நின்றவளைப் பார்த்தார்.

“முத்துராணி” என்றார். பேர் கூப்பிடுகிற அதே குரல்.

“இருக்கேன்யா” என்றாள் முத்துராணி. யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“நீங்கதான் குடிவந்திருக்கியளா? தம்பி போன்ல நாலாம் நம்பர் நாலாம் நம்பர்னான். அதுல நான் போன பொறவு யாரு இருந்தாவன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்த முழங்காலு வேற. எனக்கு ஒரு டம்ளர் குடு, தாயி.”

தேன்மொழி கொடுத்தாள். அவர் மேல்படியிலேயே உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். தம்பி நின்றுகொண்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தார்.

“ஏலே ஞானம், என்ன கையில வச்சுக்கிட்டு நிக்க? ஆறிருமே.”

ஞானசம்பந்தன் மனைவியைப் பார்த்தார். சித்ரலேகா குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“நாளைக்கு ஆடி. பொங்குன வீட்டுல இருந்து ஆள எறக்கினா அது அவங்களுக்கா ஆகாது, நமக்கா? யோசிச்சுக்கிடுங்க.”

அவர் யோசித்தார். சர்வேயர் யோசனை, நாலு பக்கமும் அளந்து பார்க்கிற யோசனை. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு மாசம் தள்ளித்தான் வழி இருந்தது.

“ஆவணி பொறக்கட்டும்” என்றார், சுவரைப் பார்த்து. “அப்பப் பாத்துக்கிடுவோம்.”

“பாருங்கய்யா” என்றாள் முத்துராணி. “ஆவணிலயும் நாங்க இதே ஆளுகதான்.”

பரமசிவன் படியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். ஞானசம்பந்தன் சிரிக்கவில்லை. போகத் திரும்பினார். கையில் இன்னும் அந்த டம்ளர்.

“சார்” என்றாள் தேன்மொழி.

“இன்னும் என்ன?”

“நாளைக்கு அஞ்சேகாலுக்கெல்லாம் நான் வேலைக்குக் கெளம்பணும். கீழ் கேட்டுச் சாவி ஒண்ணு வேணும் சார். தெனமும் அந்த நேரத்துக்கு உங்கள எழுப்ப முடியாதுல்லா.”

ஞானசம்பந்தன் அவளைப் பார்த்தார். நேற்றிலிருந்து இப்போதுதான் அவள் ஊரை அல்ல, அவளைப் பார்த்த மாதிரி இருந்தது. சின்னப் பெண். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருந்தாள். பயம் இருந்தது, ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“அஞ்சேகாலுக்கா?”

“ஆமா சார். அஞ்சரைக்கு ஆளுக வந்துருவாங்க. வெறும் வயித்தோட.”

“நானும் மாசா மாசம் சுகருக்கு அங்கனதான் குடுக்கேன்” என்று முனகினார். “போன மாசம் ஊசி குத்தினவன் ரெண்டு இடத்துல குத்திட்டான்.”

“நான் ஒரே இடத்துலதான் குத்துவேன் சார்.”

சாவிக்கொத்தைத் தூக்கிப் பார்த்தார். கேட்டுச் சாவி இரண்டு அதில் இருந்தன. ஒன்றைக் கழற்ற வேண்டும். வளையம் இறுகிய வளையம், நகத்தை உள்ளே விட்டு நெம்ப வேண்டும். ஒரு கையால் முடியாது. கட்டை விரலால் நெம்பிப் பார்த்தார். வளையம் நழுவியது. இன்னொரு தடவை நெம்பினார். டம்ளர் ஆடிப் பால் இரண்டு சொட்டு வேட்டியில் விழுந்தது.

யாரும் கையை நீட்டவில்லை. சித்ரலேகா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துராணி உப்பு ஜாடியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். பரமசிவன் தன் டம்ளரின் அடியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

ஞானசம்பந்தன் டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தார். மீசையைப் புறங்கையால் துடைத்தார். வெறும் டம்ளரைத் தேன்மொழியிடம் நீட்டிவிட்டு, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து நெம்ப ஆரம்பித்தார்.

“கேட்ட இழுத்துச் சாத்தணும், கேட்டியா?” என்றார், தலையை நிமிர்த்தாமல். “பைய சாத்தினா பூட்டு விழாது.”